ஜோகூரில் வீடு, சிங்கப்பூரில் சம்பளம், வாரம் இரண்டு நாள் வீட்டிலேயே வேலை: வரி எந்தப் பக்கம்?

தேப்ராவ்வாசி | திங்கள், இரவு 9.52

அனைவருக்கும் வணக்கம். நான் மலேசியக் குடிமகன். ஜோகூர் பாரு தேப்ராவில் சொந்த வீடு. மனைவி, பிள்ளைகள், அம்மா எல்லோரும் இங்கேதான் இருக்கிறார்கள். சிங்கப்பூர் நிறுவனம் ஒன்றில் எம்ப்ளாய்மெண்ட் பாஸில் வேலை. தினமும் கடற்பாலம் தாண்டிப் போய்வருகிறேன். சிங்கப்பூரில் ஆண்டுதோறும் வரி கட்டிவிடுகிறேன். மலேசியாவில் எனக்கு வேறு வருமானம் இல்லை, வரியும் கட்டியதில்லை.

வருகிற ஜனவரியிலிருந்து வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று நிறுவனம் சொல்கிறது. பாலத்தில் நிற்கும் நேரம் மிச்சம் என்று வீட்டில் ஒரே மகிழ்ச்சி. அந்த நேரம் பார்த்து, உடன் வேலை செய்யும் ஒருவர், “அந்த இரண்டு நாள் சம்பளத்துக்கு மலேசியாவில் வரி கட்ட வேண்டியிருக்கும், தெரியுமா?” என்று குண்டைத் தூக்கிப் போட்டுவிட்டார்.

எனக்குப் பிடிபடவில்லை. சம்பளம் சிங்கப்பூர் வெள்ளியில், சிங்கப்பூர் வங்கிக் கணக்கில் விழுகிறது. நிறுவனத்துக்கு மலேசியாவில் கிளைகூட இல்லை. அப்படியிருக்க மலேசியா எந்த உரிமையில் வரி கேட்கும்? கேட்டால் எவ்வளவு வரும்? மாதம் 6,000 வெள்ளி என்று வைத்துக் கணக்குச் சொன்னால் போதும்.

பாலத்துப்பயணி | திங்கள், இரவு 10.15

அண்ணா, வீணாகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். ஸ்கூடாயிலிருந்து விடிவதற்கு முன்பே மோட்டார்சைக்கிளை எடுக்கிற எங்களில் யார் மலேசியாவில் வரி கட்டுகிறார்கள்? சிங்கப்பூரில் உழைக்கிறோம், சிங்கப்பூரில் கட்டுகிறோம், அதோடு சரி. உங்கள் வீட்டு வரவேற்பறையில் நீங்கள் மடிக்கணினியைத் தட்டுவதை மலேசிய வருமான வரி வாரியமான எல்எச்டிஎன் எட்டிப் பார்க்கவா போகிறது?

அது மட்டுமில்லை. 183 நாளுக்குக் குறைவாக வேலை செய்தால் வரி கிடையாது என்று இரு நாட்டு ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. வாரம் இரண்டு நாள் என்றால் ஆண்டுக்கு நூறு நாள் வந்தாலே அதிகம்.

கணக்குப்புத்தகம் | செவ்வாய், காலை 7.30

ஜோகூர் பாருவில் வரி முகவர் அலுவலகம் ஒன்றில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். இந்தக் கேள்வி இப்போது வாரம் தவறாமல் வருகிறது.

பாலத்துப்பயணி தம்பி, தினமும் போய்வருகிற உங்களுக்கு நீங்கள் சொன்னது பொருந்தும். தேப்ராவ்வாசிக்குப் பொருந்தாது. ஏன் என்று சொல்கிறேன்.

மலேசிய வருமான வரிச் சட்டத்தின் 13-வது பிரிவு, ஊழியர் வருமானம் எந்த நாட்டில் ஈட்டப்பட்டது என்பதை வேலை எங்கே செய்யப்படுகிறது என்பதை வைத்துத்தான் முடிவு செய்கிறது. முதலாளி எங்கே இருக்கிறார், சம்பளம் எந்த வங்கிக்கு வருகிறது, எந்தப் பணத்தில் வருகிறது, இவை எதுவும் அங்கே கணக்கில் இல்லை. தேப்ராவ் வீட்டில் உட்கார்ந்து வேலை செய்த நாளின் சம்பளம் மலேசியாவில் ஈட்டிய வருமானம். பாலத்தின் சிங்கப்பூர் முனையான உட்லண்ட்ஸ் தாண்டி அலுவலகத்தில் உட்கார்ந்து செய்த நாளின் சம்பளம் வெளிநாட்டு வருமானம். ஒரே மாதச் சம்பளச் சீட்டு, ஆனால் உள்ளே இரண்டு விதமான பணம்.

வெளிநாட்டு வருமானத்துக்கு என்ன விதி என்றால், 2004 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து அதை மலேசியாவுக்குக் கொண்டுவந்தாலும் வரி இல்லாமல் இருந்தது. 2022 ஜனவரி 1 முதல் அந்த விலக்கு நீங்குகிறது என்று வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்தபோது ஜோகூர் முழுக்கப் பதறியது நினைவிருக்கும். 2021 டிசம்பர் 30 அன்று நிதியமைச்சு, தனிநபர்களுக்கு விலக்குத் தொடரும் என்று அறிவித்தது. முதலில் 2026 இறுதி வரை என்றார்கள். 2025 வரவுசெலவுத் திட்டத்தில் அதை 2036 டிசம்பர் 31 வரை நீட்டித்தார்கள். நிபந்தனை, அந்த வருமானம் ஈட்டிய நாட்டில் வரிக்கு உட்பட்டிருக்க வேண்டும். சிங்கப்பூரில் முறையாக வரிக் கணக்கில் இருக்கும் ஊழியருக்கு இதில் சிக்கல் இல்லை. பாலத்துப்பயணிக்கு நிம்மதி தருவது இந்த விலக்குதான். “யாரும் எட்டிப் பார்க்கவில்லை” என்பது காரணமே இல்லை.

வீட்டில் இருந்து செய்த வேலைக்கான சம்பளம் வெளிநாட்டு வருமானமே இல்லை என்பதால் அந்த விலக்கு அதைத் தொடாது.

அடுத்து அந்த 183 நாள். எத்தனை பேர் இதைச் சொல்லிக்கொண்டு வருகிறார்கள் தெரியுமா! ஒப்பந்தத்தில் அந்தச் சலுகை இருப்பது உண்மை. ஆனால் அது ஒரு நாட்டில் வசிப்பவர் இன்னொரு நாட்டுக்குக் குறுகிய காலம் வேலைக்குப் போகும்போது, போன இடத்து நாட்டுக்குப் போடப்பட்ட கட்டுப்பாடு. சிங்கப்பூரில் வசிக்கும் ஒருவரை அவரது நிறுவனம் இரண்டு மாதம் கோலாலம்பூருக்கு அனுப்பினால் அவருக்கு அது உதவும். தேப்ராவ்வாசி மலேசியாவில் வசிப்பவர். சொந்த நாட்டு வரியிலிருந்து தப்பிக்க அந்தப் பிரிவு வழி கொடுக்காது.

உட்லண்ட்ஸ்அறைவாசி | செவ்வாய், காலை 8.05

அக்கா, ஒரு சந்தேகம். நான் சிங்கப்பூரின் வரிக் குடியிருப்பாளர் என்று சிங்கப்பூர் வரித்துறையான ஐராஸ் அனுப்பும் மதிப்பீட்டிலேயே எனக்குக் குடியிருப்பாளர் விகிதம்தான் போடுகிறார்கள். அவரும் அப்படித்தான் இருப்பார். பிறகு எப்படி மலேசியாவில் வசிப்பவர் என்று சொல்கிறீர்கள்? ஒருவர் இரண்டு நாட்டிலும் குடியிருப்பாளராக இருக்க முடியுமா?

கணக்குப்புத்தகம் | செவ்வாய், மதியம் 1.10

முடியும். தினமும் பாலம் தாண்டுகிறவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கிறார்கள், அவர்களுக்கே தெரியாமல்.

சிங்கப்பூரில் ஒரு நாட்காட்டி ஆண்டில் 183 நாளோ அதற்கு மேலோ தங்கியிருந்தால் அல்லது வேலை செய்தால் வரிக் குடியிருப்பாளர். மலேசியாவில் 182 நாள் இருந்தால் போதும், அதுவும் ஒரு நாளின் ஏதோ ஒரு பகுதி இங்கே இருந்தாலே அந்த நாள் கணக்கில் சேரும். காலையில் இங்கே புறப்பட்டு இரவு இங்கே திரும்பிப் படுப்பவருக்கு ஆண்டின் எல்லா நாளும் மலேசிய நாள்தான். வேலை நாள்கள் சிங்கப்பூர் நாள்களும்கூட.

இரண்டு பக்கமும் ஒருவரைத் தன் குடியிருப்பாளர் என்று சொல்லும்போது 2004-ல் கையெழுத்தான மலேசிய–சிங்கப்பூர் இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் வரிசையாகக் கேள்வி கேட்கும். நிரந்தர வீடு எங்கே? இரண்டு இடத்திலும் இருந்தால், குடும்பமும் பொருளாதார உறவுகளும் எங்கே நெருக்கம்? அதிலும் தெளிவில்லை என்றால் வழக்கமாக எங்கே வாழ்கிறார்? கடைசியில்தான் குடியுரிமை. தேப்ராவ்வாசிக்கு முதல் கேள்வியிலேயே விடை கிடைத்துவிடுகிறது.

உட்லண்ட்ஸ்அறைவாசி | செவ்வாய், மதியம் 1.40

நான் வார நாள்களில் உட்லண்ட்ஸில் ஓர் அறை எடுத்துத் தங்குகிறேன். வெள்ளி இரவு மாசாய் வீட்டுக்குப் போய் ஞாயிறு இரவு திரும்புவேன். மனைவி, பிள்ளைகள் மாசாயில். அப்படியானால் நான்?

கணக்குப்புத்தகம் | செவ்வாய், மதியம் 2.00

வாடகை அறையும், எப்போதும் உங்கள் வசம் இருந்தால், நிரந்தர வீடாகக் கருதப்படலாம். அப்போது இரண்டாவது கேள்விக்குப் போக வேண்டும். குடும்பம் மாசாயில் என்றால் முள் மலேசியா பக்கம் சாயும். ஆனால் நீங்கள் வேலையை முழுக்கச் சிங்கப்பூரில்தானே செய்கிறீர்கள்? அதற்குச் சிங்கப்பூர் வரி, இங்கே வெளிநாட்டு வருமான விலக்கு. முள் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் உங்கள் பையிலிருந்து போகும் தொகை மாறாது.

பழையகணக்கர் | செவ்வாய், மாலை 6.20

அம்மா கணக்குப்புத்தகம் சொன்னது சட்டப்படி சரி. ஆனால் எல்லோரும் மலேசிய வரியைப் பார்த்தே பயப்படுகிறீர்கள். ஆபத்து மறுபக்கத்தில் இருக்கிறது. எண்களைப் போட்டுப் பார்ப்போம். ஒரு வெள்ளிக்கு 3.20 ரிங்கிட் என்று வைத்துக்கொள்கிறேன். விகிதம் ஏறி இறங்கினால் தொகையும் மாறும்.

மாதம் 6,000 என்றால் ஆண்டுக்கு 72,000 வெள்ளி. முழுக்கச் சிங்கப்பூரில் வேலை செய்தால், 55 வயதுக்குக் கீழே உள்ளவருக்கான உழைப்பு வருமானக் கழிவு 1,000 போக 71,000. முதல் 20,000-க்கு வரி இல்லை. அடுத்த 10,000-க்கு 2 விழுக்காடு, அடுத்த 10,000-க்கு 3.5, அதன்பின் 80,000 வரை 7 விழுக்காடு. கூட்டினால் 2,720 வெள்ளி. இது இன்றைய நிலை.

இப்போது ஐந்தில் இரண்டு பங்கு வேலை தேப்ராவில். அந்தப் பங்கு 28,800 வெள்ளி, அதாவது 92,160 ரிங்கிட். தனிநபர் கழிவு 9,000 போனால் 83,160. மலேசிய விகிதப்படி முதல் 70,000-க்கு 3,700 ரிங்கிட், மீதிக்கு 19 விழுக்காடு, மொத்தம் 6,200 ரிங்கிட் அளவில். வெள்ளியில் சுமார் 1,940. மனைவி, பிள்ளைகள் பேரில் உள்ள கழிவுகளைச் சேர்த்தால் இன்னும் குறையும்.

அந்தப் பங்கைச் சிங்கப்பூர்க் கணக்கிலிருந்து கழித்துவிட்டால் அங்கே மிச்சம் 43,200. கழிவு போக 42,200. வரி 704 வெள்ளி. இரண்டு நாட்டுக்கும் சேர்த்து 2,640 சொச்சம். முன்பு கட்டிய 2,720-ஐவிடக் குறைவு! மலேசிய வரி வந்தால் குடி முழுகிவிடும் என்று நினைத்தவர்கள் இந்த வாக்கியத்தை மறுபடி படியுங்கள்.

இனிதான் கவனிக்க வேண்டிய இடம். வாரம் மூன்று நாள் சிங்கப்பூர் என்றால் ஆண்டுக்கு 156 நாள். விடுப்பு, பொது விடுமுறை போனால் அதற்கும் கீழே. 183 இல்லை. 183 இல்லாவிட்டால் சிங்கப்பூரில் குடியிருப்பாளர் அல்லாதவர். அவருக்கு ஊழியர் வருமானத்தில் 15 விழுக்காடு அல்லது குடியிருப்பாளர் விகிதம், இரண்டில் எது அதிகமோ அது. கழிவுகளும் கிடையாது. 43,200-க்கு 15 விழுக்காடு 6,480 வெள்ளி. மலேசிய 1,940-ஐச் சேர்த்தால் 8,400-க்கு மேல். 2,720 கட்டிக்கொண்டிருந்தவர் மூன்று மடங்கு கட்டுகிறார், அதுவும் பாலத்தில் குறைவாக நின்றதற்காக.

பாலத்துப்பயணி | செவ்வாய், மாலை 6.45

ஐயா, நீங்கள் சொல்வதைப் பார்த்தால் வீட்டிலிருந்து வேலை செய்வதைச் சொல்லாமல் இருப்பதே மேல் என்று ஆகிறது. முழுச் சம்பளத்தையும் சிங்கப்பூரில் காட்டிவிட்டுப் பேசாமல் இருந்தால் 2,720-தானே?

மனிதவளமேசை | செவ்வாய், இரவு 8.30

நான் சிங்கப்பூரில் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். நடைமுறையில் பெரும்பாலான இடங்களில் நடப்பது அதுதான். ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர் உள்ள நிறுவனங்கள் சம்பள விவரத்தை ஐராஸுக்கு மின்னியல் முறையில் நேரடியாக அனுப்ப வேண்டும். எங்கள் சம்பள மென்பொருளில் “எந்த நாள் எந்த நாட்டில்” என்று ஒரு கட்டமே கிடையாது. முழுத் தொகையும் ஆண்டுச் சம்பள விவரப் படிவமான ஐஆர்8ஏ-யில் ஏறிவிடும். சிங்கப்பூர் வேலையோடு ஒட்டி வெளிநாட்டில் செய்த வேலையையும் சிங்கப்பூர் வருமானமாகப் பார்ப்பதே ஐராஸின் பொதுவான அணுகுமுறை. ஊழியர் கேட்டால் ஒழிய யாரும் பிரிப்பதில்லை.

ஆனால் எங்கள் நிறுவனம் ஜோகூர்வாசிகளுக்கு வீட்டிலிருந்து வேலை செய்யும் நாள்களை ஒரே மாதிரி அனுமதிப்பதில்லை. ஊழியரின் வரியை நினைத்து மட்டும் அப்படிச் செய்யவில்லை, நிர்வாகத்துக்குத் தன் கவலையும் இருக்கிறது. விற்பனைப் பிரிவில் இருப்பவர் ஜோகூர் வீட்டிலிருந்தே வாடிக்கையாளரோடு ஒப்பந்தம் முடித்துக்கொண்டிருந்தால், நிறுவனத்துக்கு மலேசியாவில் நிரந்தரத் தொழிலிடம் இருக்கிறது என்று வாதம் எழலாம். அப்புறம் நிறுவனத்தின் லாபத்திலேயே மலேசியா பங்கு கேட்கும். கணக்குப் பதிவு பார்ப்பவருக்கு அந்தச் சிக்கல் குறைவு. அதனால் “பக்கத்து மேசைக்காரருக்குக் கொடுத்தீர்கள், எனக்கு ஏன் இல்லை?” என்று சண்டைக்கு வருகிறவர்களுக்குப் பதில் சொல்லியே என் வெள்ளிக்கிழமைகள் போகின்றன.

கணக்குப்புத்தகம் | செவ்வாய், இரவு 9.15

பாலத்துப்பயணி தம்பிக்கு: பேசாமல் இருப்பதில் உள்ள சிக்கல் இது. முழுச் சம்பளத்துக்கும் சிங்கப்பூரில் கட்டியிருந்தாலும், மலேசியாவில் ஈட்டிய பங்குக்கு மலேசியாவின் உரிமை போய்விடாது. பின்னால் எப்போதாவது கேள்வி வந்தால் 1,940-ம் கட்ட வேண்டும், அதோடு அபராதமும். படிவம் தாக்கல் செய்யத் தவறினால் 200 முதல் 20,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. சிங்கப்பூரில் அதிகமாகக் கட்டியதைத் திரும்பக் கேட்கும் வேலை தனி.

இன்னொன்றைத் தினமும் பாலம் தாண்டுகிறவர்கள் யாரும் யோசிப்பதில்லை. வரி பாக்கி வைத்திருப்பவர் நாட்டைவிட்டு வெளியேறாமல் தடுக்கும் அதிகாரம் வருமான வரிச் சட்டத்தின் 104-வது பிரிவில் இருக்கிறது. கோலாலம்பூரில் வேலை செய்பவருக்கு அது விடுமுறைப் பயணம் கெட்டுப்போகிற சங்கதி. உங்களுக்கு அன்றைக்கே வேலை போகிற சங்கதி. காலை நெரிசலில், பின்னால் நூறு மோட்டார்சைக்கிள் நிற்கும்போது, வாயில் திறக்காவிட்டால் என்ன செய்வீர்கள்? பயணத் தடை இருக்கிறதா என்று மலேசியக் குடிநுழைவுத் துறையின் இணையப்பக்கத்தில் அடையாள அட்டை எண்ணைக் கொடுத்து எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம்.

பாலத்துப்பயணி | செவ்வாய், இரவு 9.40

பார்த்துவிட்டேன். தடை இல்லை. இருந்தாலும் வயிற்றைக் கலக்கிவிட்டீர்கள், அக்கா.

தேப்ராவ்வாசி | செவ்வாய், இரவு 10.30

எல்லோருக்கும் நன்றி. ஐயா பழையகணக்கர் போட்ட கணக்கை மனைவியிடம் காட்டினேன். “அப்படியானால் தினமும் போங்கள்” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

ஒன்று கேட்கிறேன். அந்த 183-ஐ எப்படி எண்ணுகிறார்கள்? சனி, ஞாயிறு, பொது விடுமுறை சேருமா? சேருமென்றால் வாரம் மூன்று நாள் போனாலும் எனக்கு 183 வந்துவிடாதா?

பழையகணக்கர் | புதன், காலை 6.50

நல்ல கேள்வி. சிங்கப்பூரில் வேலையில் இருந்த காலத்தை எண்ணும்போது ஐராஸ் வார இறுதியையும் பொது விடுமுறையையும் சேர்த்தே எண்ணும். அதனால்தான் தினமும் போய்வருகிற சாதாரண ஊழியருக்கு இந்தப் பேச்சே எழுவதில்லை. ஆண்டு முழுதும் வேலையில் இருந்தால் ஆண்டு முழுதும் கணக்கு.

ஆனால் நீங்கள் என்ன கேட்கப்போகிறீர்கள் என்று யோசியுங்கள். “வாரம் இரண்டு நாள் நான் சிங்கப்பூரில் வேலை செய்யவில்லை, அந்தப் பங்குக்கு இங்கே வரி வேண்டாம்” என்று ஐராஸிடம் சொல்வீர்கள். அதே மூச்சில், “ஆண்டு முழுதும் சிங்கப்பூரில்தான் வேலையில் இருந்தேன், குடியிருப்பாளர் விகிதம் கொடுங்கள்” என்றும் சொல்வீர்கள். ஒரே செவ்வாய்க்கிழமையை இரண்டு நாட்டிலும் காட்ட முடியாது. வருமானத்தைப் பிரிக்கச் சொல்லும் அந்த நொடியில் நாள் எண்ணிக்கையும் பிரியத் தொடங்கும். சிங்கப்பூரில் உடலோடு இருந்த நாள் எத்தனை என்ற கேள்வி அப்போதுதான் வரும்.

கணக்குப்புத்தகம் | புதன், காலை 7.20

இந்த இடத்தில் ஐயாவோடு எனக்குக் கொஞ்சம் கருத்து வேறுபாடு. பிரிக்கச் சொல்வது ஒன்றுதான் வழி என்பதில்லை. சிங்கப்பூரில் முழுச் சம்பளத்துக்கும் குடியிருப்பாளராகவே கட்டிவிட்டு, மலேசியப் படிவத்தில் அந்த இரண்டு நாள் பங்கை நேர்மையாகக் காட்டி, இரட்டை வரிக்கு நிவாரணம் கேட்கலாமே?

பழையகணக்கர் | புதன், காலை 7.45

எதற்கு நிவாரணம், அம்மா? மலேசியாவில் வசிப்பவர் மலேசியாவில் செய்த வேலைக்கு மலேசியா மட்டுமே வரி விதிக்கலாம் என்பது ஒப்பந்தம். சிங்கப்பூர் வாங்கியது ஒப்பந்தப்படி வாங்க வேண்டாத வரி. அதை மலேசியா ஏன் தன் வரியில் கழித்துக்கொடுக்கும்? “உங்களுக்குச் சேர வேண்டாததைச் சிங்கப்பூரில் திரும்பக் கேளுங்கள்” என்பார்கள். திரும்பக் கேட்டால் மறுபடி அந்த 183 நாள் கேள்விக்கே வந்து நிற்கிறோம்.

கணக்குப்புத்தகம் | புதன், காலை 8.00

சரி, ஒப்புக்கொள்கிறேன். அப்படிப் பார்த்தால் நிறுவனத்தின் பதிலுக்குக் காத்திருக்காமல், ஜனவரிக்கு முன்பே ஐராஸுக்கு எழுதிக் கேட்பதுதான் வழி. வேலை ஒப்பந்தம், வாரத்தில் எந்த நாள் எங்கே, வீடு எங்கே என்று எல்லாவற்றையும் சொல்லி, குடியிருப்பாளராகக் கருதுவீர்களா என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். தொலைபேசியில் யாரோ சொன்னார் என்பது பின்னால் எதற்கும் உதவாது.

நாள் கணக்குக்கு ஆதாரமும் இப்போதே சேர்க்கத் தொடங்குங்கள். முன்பெல்லாம் கடப்பிதழில் முத்திரை விழுந்துகொண்டே இருக்கும், ஆண்டுக்கு ஒரு புத்தகம் தீர்ந்துவிடும், ஆனால் எண்ணுவதற்கு ஏதோ இருந்தது. இப்போது தானியங்கி வாயில், 2024 மார்ச் முதல் உட்லண்ட்ஸிலும் துவாஸிலும் கியூஆர் குறியீடு. கையில் ஒரு தடயமும் மிஞ்சுவதில்லை. அலுவலகக் கதவட்டைப் பதிவு, மாதாமாதம் மேலாளர் கையெழுத்திட்ட வேலை நாள் பட்டியல், இவை இரண்டும் போதும். சண்டை என்று வந்தால் குடிநுழைவுத் துறையிடம் பயணப் பதிவைக் கேட்டு வாங்கலாம், ஆனால் அதையே நம்பி உட்கார வேண்டாம்.

ஈசூன்காரர் | புதன், காலை 10.10

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். நான் சிங்கப்பூர்க் குடிமகன். வாடகை தாங்காமல் புக்கிட் இண்டாவில் வீடு எடுத்துத் தங்கியிருக்கிறேன். வேலை முழுக்கச் சிங்கப்பூரில். மசேநிதி (சிங்கப்பூரின் மத்திய சேமநிதி) வழக்கம்போல் பிடிக்கிறார்கள். எனக்கும் மலேசிய வரி உண்டா? எப்போதாவது உடம்பு சரியில்லாதபோது இங்கிருந்தே மின்னஞ்சல் பார்ப்பேன்.

கணக்குப்புத்தகம் | புதன், மதியம் 12.40

182 நாள் தாண்டினால் நீங்களும் மலேசிய வரிக் குடியிருப்பாளர்தான், குடியுரிமைக்கும் அதற்கும் தொடர்பில்லை. சிங்கப்பூரில் செய்த வேலைக்கான சம்பளம் வெளிநாட்டு வருமானம் என்பதால் 2036 இறுதி வரை விலக்குண்டு. உடம்பு சரியில்லாத நாளில் மின்னஞ்சல் பார்ப்பதற்காக யாரும் படிவத்தோடு வந்து நிற்க மாட்டார்கள். ஆனால் முறையாக வாரம் சில நாள் இங்கிருந்து வேலை செய்வதென்றால், உங்களுக்கு வரிக்கு முன்பே வேறொரு கேள்வி இருக்கிறது. சமூக வருகை அனுமதியில் இருந்துகொண்டு இங்கே வேலை செய்யலாமா என்பதைக் குடிநுழைவுத் துறையிடம் முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

மாலைவகுப்பு | புதன், மதியம் 3.15

நானும் ஒன்று கேட்கட்டுமா? தினமும் சிங்கப்பூர் போய்வருகிறேன். வார இறுதியில் ஜோகூரில் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்துக் கொஞ்சம் சம்பாதிக்கிறேன். சிங்கப்பூரில் வரி கட்டுவதால் இதற்கும் சேர்த்து முடிந்துவிட்டது என்று தோழி சொல்கிறாள்.

கணக்குப்புத்தகம் | புதன், மாலை 5.50

இல்லை, தங்கையே. அது மலேசியாவில் ஈட்டிய தொழில் வருமானம். பி படிவம், கடைசி நாள் ஜூன் 30. சிங்கப்பூர்ச் சம்பளம் விலக்குப் பெறுவதால் உங்கள் மலேசியக் கணக்கில் அந்த வகுப்பு வருமானம் மட்டுமே இருக்கும். தனிநபர் கழிவு போன பிறகு வரி வராமலேகூடப் போகலாம். வராவிட்டாலும் கணக்கு எழுதி வையுங்கள். உங்கள் சிங்கப்பூர் வேலை அனுமதியின் நிபந்தனைகளையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

உட்லண்ட்ஸ்அறைவாசி | புதன், இரவு 8.20

பேச்சோடு பேச்சாக இதையும் சொல்கிறேன். ஜோகூரில் வீடு வாங்கக் கடன் கேட்டபோது வங்கி முதலில் கேட்டது சிங்கப்பூர் வரி மதிப்பீட்டு அறிக்கையைத்தான். மலேசியக் குடிமக்களுக்கு, நிரந்தரவாசம் இல்லாவிட்டால், மசேநிதி கிடையாது. இங்கே மலேசிய ஊழியர் சேமநிதியான இபிஎஃப் பதிவும் இல்லை. வருமானத்துக்குச் சாட்சி சொல்ல அந்த ஒரு தாள்தான் மிஞ்சுகிறது. வரியை மறைத்துப் பிழைக்கலாம் என்று நினைக்கும் இளைஞர்கள் இதை யோசிக்க வேண்டும். இபிஎஃப்-இல் நாமே விரும்பி ஆண்டுக்கு ஒரு லட்சம் ரிங்கிட் வரை போடலாம். அதையும் பலர் செய்வதில்லை, பிறகு ஐம்பது வயதில் கையைப் பிசைகிறார்கள்.

மனிதவளமேசை | புதன், இரவு 9.00

அதோடு ஒரு சேர்க்கை. மலேசியாவில் மாதாமாதம் பிசிபி என்று சம்பளத்திலேயே பிடித்துவிடுவார்கள். சிங்கப்பூரில் பிடிப்பதில்லை. முதல் ஆண்டு வேலைக்கு வரும் மலேசியர்கள் கையில் வந்ததெல்லாம் தன் பணம் என்று செலவழித்துவிட்டு, அடுத்த ஆண்டு மதிப்பீடு வரும்போது முழிப்பார்கள். வேலையை விடும்போது இதைவிட மோசம். குடிமகன் அல்லாத ஊழியர் விலகுகிறார் என்று தெரிந்ததும் நிறுவனம் வரி பைசலுக்கான ஐஆர்21 படிவத்தைத் தாக்கல் செய்து, கொடுக்க வேண்டிய பணத்தைப் பிடித்து வைக்க வேண்டும், வரி பைசல் ஆகும்வரை. கடைசி மாதச் சம்பளத்தை நம்பி வண்டித் தவணைக்குத் தேதி குறித்தவர்கள் என் மேசை முன் நின்று வாதாடுவார்கள். சட்டம் அப்படி, நான் என்ன செய்ய?

தேப்ராவ்வாசி | வியாழன், இரவு 9.30

மனிதவளப் பிரிவில் பேசினேன். நான் கேட்ட முதல் ஜோகூர்க்காரன் இல்லை போலிருக்கிறது, பதில் தயாராகவே வைத்திருந்தார்கள். ஜோகூரில் வசிப்பவர்களுக்கு வாரம் ஒரு நாள் மட்டும் தருவதாகச் சொல்கிறார்கள். எந்த நாள் எங்கே இருந்தோம் என்று மாதக் கடைசியில் கையெழுத்திட்டுத் தர வேண்டும். ஐராஸுக்கு நான் தனியே எழுதியிருக்கிறேன்.

ஐயா பழையகணக்கர், வாரம் நான்கு நாள் என்றால் 183 தேறுமா?

பழையகணக்கர் | வியாழன், இரவு 10.05

ஒவ்வொரு நாளாக எண்ணினாலும் ஆண்டுக்கு 208. பதினொரு பொது விடுமுறை, உங்கள் ஆண்டு விடுப்பு எல்லாம் கழித்தால் 183-ஐ ஒட்டி, கொஞ்சம் மேலே நிற்கும். மருத்துவ விடுப்பு நீண்டால் வழுக்கும். ஆண்டுக் கடைசியில் எண்ணிப் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் டிசம்பரில் வீட்டு நாளை விட்டுக்கொடுங்கள். மலேசியாவில் அந்த ஐந்தில் ஒரு பங்கைக் காட்ட மறக்க வேண்டாம். 14,400 வெள்ளி, ரிங்கிட்டில் 46,000 சொச்சம், கழிவு போக வரி ஆயிரத்தைக்கூடத் தொடாது. எல்எச்டிஎன்-இன் இணையத்தளமான மைடேக்ஸில் பதிந்து, தொழில் வருமானம் இல்லாதவருக்கான பிஇ படிவம், கடைசி நாள் ஏப்ரல் 30. இணையவழி என்றால் மே 15 வரை அவகாசம் கொடுப்பது வழக்கம்.

பாலத்துப்பயணி | வியாழன், இரவு 10.20

அந்த ஒரு நாளை எந்தக் கிழமைக்கு வைக்கப் போகிறீர்கள், அண்ணா? வெள்ளிக்கிழமை கேளுங்கள். வெள்ளி மாலை உட்லண்ட்ஸில் நிற்பதைப் பார்த்தால் ஐராஸ் அதிகாரிக்கே மனம் இரங்கும்.

மனிதவளமேசை | வியாழன், இரவு 10.32

எல்லோரும் வெள்ளிதான் கேட்கிறார்கள். குலுக்கிப் போடப் போகிறோம்.